சீலிங் மூடும் முன் டக்ட்: ஹாரோ வாசகிக்குப் பதில்

கேள்வி: லண்டன் ஹாரோவில் 1930-களில் கட்டிய, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய செமி வீடு எங்களுடையது. பின்பக்கம் எக்ஸ்டென்ஷன், மேலே கூரைக்கடியில் உள்ள இடத்தை அறையாக்கும் லாஃப்ட் கன்வர்ஷன் என்று இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கிறது. முடிந்தால் நான்கு பெட்ரூம், மொத்தம் 130 சதுர மீட்டர். போன குளிர்காலம் முழுக்க தினமும் காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. பின் அறையில் அலமாரியை நகர்த்தினால் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. அம்மாவுக்கு வேறு ஆஸ்துமா. அதனால் எம்.வி.எச்.ஆர். எனப்படும் வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவியை வாங்கிவிட்டோம். நான்கு அங்குல வெள்ளி நிற வளையும் குழாயை லாஃப்ட் ஓரமாக இழுத்துக்கொள்ளலாம், வேண்டிய இடத்தில் தரையைத் தாங்கும் ஜாய்ஸ்ட் மரத்தில் ஓட்டை போடலாம், அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் ஹூடையும் அதிலேயே சேர்த்துவிடலாம், ஒருநாள் வேலைதான் என்கிறார் பில்டர். இரண்டு வாரத்தில் சீலிங் பலகை அடிக்கப் போகிறார்கள். கணவர், இதெல்லாம் புது மோகம் என்கிறார். அம்மா, அப்படியானால் இனி ஜன்னலே திறக்கக் கூடாதா, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடக் கூடாதா என்று கேட்கிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சீலிங் பலகை அடிப்பதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். காற்றைக் கொண்டுபோகும் குழாய்களான டக்ட் முழுவதும் போட்டு, கசிவு பார்த்து, போட்டோ எடுத்த பிறகு பலகை அடித்தால் போதும். பில்டர் சொன்ன மூன்று யோசனைகளில் ஒன்றுக்குக்கூடச் சம்மதிக்காதீர்கள். அவர் நல்ல கொத்தனாராகவும் நல்ல தச்சராகவும் இருக்கலாம். இந்த வேலை அவருக்குப் பழக்கமில்லை என்பது அந்த மூன்று யோசனைகளிலேயே தெரிகிறது.

வீட்டு வேலை முடிந்தபின் ஒவ்வொரு அறையிலும் காற்றை அளந்து, வால்வைத் திருகிச் சரிசெய்து, சான்று எழுதிக் கொடுப்பது என் தொழில். எந்த பிராண்ட் கருவி நல்லது என்று மாதக்கணக்கில் தேடும் வீட்டுக்காரர்களை நிறையப் பார்க்கிறேன். டக்ட் எந்த வழியாகப் போகப் போகிறது என்று கேட்பவர்கள் அரிது. அந்தக் கருவி இரவு இரண்டு மணிக்கும் ஓடிக்கொண்டிருக்குமா, சத்தம் தாங்காமல் யாராவது சுவிட்சை அணைத்துவிடுவார்களா என்பதைத் தீர்மானிப்பது டக்ட்தான். வீட்டின் இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிட்டுக் கருவியையும் அணைத்துவைத்தால், போன குளிர்காலத்தைவிட இந்தக் குளிர்காலம் மோசமாகிவிடும்.

கருவி செய்வது எளிய காரியம். குளியலறை, கழிவறை, சமையலறை, துணி துவைக்கும் யுடிலிட்டி அறை ஆகிய ஈரமான இடங்களிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அதே அளவு புதிய காற்றை வெளியிலிருந்து எடுத்து பெட்ரூம்களுக்கும் ஹாலுக்கும் அனுப்புகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் மெல்லிய தகடுகளின் இரு பக்கமாகப் போகும்போது, வெளியேறும் காற்றின் சூடு உள்ளே வரும் காற்றுக்கு ஏறிவிடுகிறது. வீட்டை இது சூடாக்காது. ஏற்கெனவே செலவழித்த சூட்டை வீணாக்காமல் காப்பாற்றும், அவ்வளவுதான்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. இங்கிலாந்தில் காற்றோட்டத்துக்கான விதி அப்ரூவ்டு டாக்குமென்ட் எஃப். இப்போதைய 2021 பதிப்பு 2022 ஜூன் 15 முதல் நடப்பில் இருக்கிறது. நான்கு பெட்ரூம் வீட்டுக்கு விநாடிக்கு 37 லிட்டர் காற்று வேண்டும் என்கிறது அதன் அட்டவணை. தரைப்பரப்பை வைத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர், உங்கள் 130 சதுர மீட்டருக்கு 39 லிட்டர் வருகிறது. இரண்டில் பெரியதை எடுக்க வேண்டும் என்பதால் 39. எப்போதும் ஓட வேண்டிய அளவு இது. குளிக்கும்போதும் சமைக்கும்போதும் வேகம் கூடும். அப்போது சமையலறையில் 13, குளியலறை, யுடிலிட்டி, லாஃப்ட் ஷவர் அறை மூன்றிலும் எட்டெட்டு, கீழே உள்ள கழிவறையில் 6 என்று கூட்டினால் 43 லிட்டர். உங்களிடம் இந்த ஐந்து இடங்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் கணக்கும் அதற்கேற்ப மாறும். வெளியேறும் 43-க்கு ஈடாக உள்ளேயும் 43 வர வேண்டும்.

இந்த 39 லிட்டரையும் ஒரே நான்கு அங்குலக் குழாயில் அனுப்பினால், காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும். 150 மி.மீ. குழாய் என்றால் சுமார் 2.2 மீட்டர்தான். கருவியிலிருந்து கிளம்பும் பெரிய குழாயில் 3 மீட்டருக்கு மேல் போகாமலும், அறைக்குள் போகும் கிளைக்குழாயில் இரண்டரைக்கு அருகிலும் வைத்தால் வீடு அமைதியாக இருக்கும். வேகம் இரட்டிப்பானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதை வெல்ல மின்விசிறி வேகமெடுக்கிறது, மின்சாரம் கூடுகிறது, சத்தமும் கூடுகிறது.

வெள்ளிக் குழாயில் இன்னொரு கெடுதலும் உண்டு. கம்பிச் சுருளின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றிச் செய்தது அது. முழுக்க இழுத்து விறைப்பாகக் கட்டாவிட்டால் உள்பக்கம் முழுதும் மடிப்பு மடிப்பாக நிற்கும். இரண்டு மரத்துக்கு நடுவில் தொய்ந்து தொங்கும். அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கும். யாராவது ஒரு பெட்டியை மேலே வைத்தால் நசுங்கும். 100 மி.மீ. விட்டம் ஓரிடத்தில் 80 ஆகிவிட்டாலே அந்த இடத்துத் தடை மூன்று மடங்காகும். பத்து வருடம் கழித்து உள்ளே சுத்தம் செய்யலாம் என்றால், பிரஷ் போட்டதும் கிழிந்துவிடும். கடைசி இணைப்புக்கு மட்டும்தான் வளையும் குழாய் என்று விதியே சொல்கிறது. முழு வீட்டுக்கும் அதையே இழுத்த வீடுகளில் அளக்கப் போனால், கருவியை முழு வேகத்தில் வைத்தாலும் கடைசி பெட்ரூமில் அளவுக்கருவியின் முள் எழும்பாது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது 75 மி.மீ. செமி-ரிஜிட் குழாய். வெளியே வரிவரியாகவும் உள்ளே வழவழப்பாகவும் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் இது. கையால் வளைக்கலாம், ஆனால் நசுங்காது. உள்விட்டம் சுமார் 63 மி.மீ. விநாடிக்கு 8 லிட்டர் வரை ஒரு குழாய் தாங்கும். சமையலறையின் 13 லிட்டருக்கு இரண்டு குழாய் வேண்டும். கருவிக்கு அருகே இரண்டு பகிர்வுப் பெட்டிகள் வைப்பார்கள், உள்ளே வரும் காற்றுக்கு ஒன்று, வெளியேறும் காற்றுக்கு ஒன்று. ஒவ்வொரு அறைக்கும் தனிக்குழாய் அந்தப் பெட்டியிலிருந்து நடுவில் எந்த ஒட்டும் இல்லாமல் நேராகப் போகும். நான்கு பெட்ரூம், ஹால், சாப்பாட்டு அறை என்று உள்வருவதற்கு ஆறு, வெளியேறுவதற்கு ஆறு, ஆகப் பன்னிரண்டு குழாய்கள்.

தகரத்தில் செய்த ஸ்பைரல் குழாயை மரக்கிளை போலப் பிரித்துக்கொண்டு போகும் முறையும் இருக்கிறது. காற்றுத் தடை அதில் இன்னும் குறைவு. புதிதாகக் கட்டும் வீட்டில், இடம் இருந்தால், நான் அதைத்தான் விரும்புவேன். பழைய வீட்டில் அதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஒரே குழாயில் இரண்டு பெட்ரூம் சேர்ந்தால், ஒரு அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்கும். நடுவில் சத்தத்தை உறிஞ்சும் சைலன்சர் போட வேண்டிவரும். அம்மா கூட இருக்கும் வீட்டில் தனித்தனிக் குழாய் எல்லோருக்கும் நல்லது. எந்த முறையானாலும், கருவிக்கும் பகிர்வுப் பெட்டிக்கும் நடுவே இரு பக்கமும் சைலன்சர் கட்டாயம். இடம் இல்லை என்று முதலில் கழற்றிவிடப்படுவது அதுதான். விடாதீர்கள்.

அடுத்து ஜாய்ஸ்ட். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி இது. தரையைத் தாங்கும் மரச்சட்டத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை, எந்த இடத்தில் போடலாம் என்பதற்கு நடைமுறை விதி உண்டு. ஓட்டையின் விட்டம் மரத்தின் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. உயரத்தின் சரிபாதியில், நடுக்கோட்டில் இருக்க வேண்டும். சுவரிலிருந்து நீளத்தின் கால் பங்குக்கும் பத்தில் நான்கு பங்குக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டும்தான் போடலாம். அதாவது 4 மீட்டர் நீள மரத்தில், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளித் தொடங்கி 1.6 மீட்டருக்குள். அந்தக் காலத்து வீடுகளில் ஜாய்ஸ்ட் பெரும்பாலும் ஏழெட்டு அங்குல உயரம்தான். 200 மி.மீ. மரத்தில் 50 மி.மீ. ஓட்டை போடலாம். 75 மி.மீ. குழாய் அதில் நுழையவே நுழையாது. நான்கு அங்குல வெள்ளிக் குழாய்க்கு ஓட்டை போட்டால் பாதி மரம் போய்விடும். மேலே லாஃப்ட் அறையின் பாரம் புதிதாக ஏறப்போகிற வீட்டில் இது விளையாட்டல்ல.

ஆகவே குழாய்கள் மரத்தைக் குறுக்கே வெட்டாமல், மரம் ஓடும் திசையிலேயே இரண்டு ஜாய்ஸ்டுக்கு நடுவில் ஓட வேண்டும். 400 மி.மீ. இடைவெளியில் சட்டங்கள் இருந்தால், நடுவில் மூன்று குழாய்கள் தாராளமாகப் படுக்கும். குறுக்கே போக வேண்டிய இடத்தில் சீலிங்கைக் கொஞ்சம் இறக்கி, மரத்துக்கு அடியில் கொண்டுபோகலாம்; அல்லது அலமாரிக்குள் ஒரு செங்குத்துப் பெட்டி கட்டி மேலே ஏற்றலாம். இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். இப்போது சீலிங் திறந்துதானே இருக்கிறது? ஒவ்வொரு அறையிலும் நின்று ஜாய்ஸ்ட் எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே இரும்பு பீம் குறுக்கே வருகிறது என்று வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். அதைப் பார்த்தால் டக்டின் வழி பாதிக்கு மேல் தானாகவே தெரிந்துவிடும். இன்னும் வேலை தொடங்காத வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், புதுத் தரைக்கு, மேலும் கீழும் மரச்சட்டமும் நடுவில் வலைபோல் இரும்புத் தகடுகளும் உள்ள ஜாய்ஸ்டைக் கேளுங்கள். அதன் இடைவெளிக்குள் டக்ட் எந்தப் பக்கமும் ஓடும்.

ஒரே இடைவெளிக்குப் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், டக்ட்காரர் மூவரும் போட்டிபோடுவார்கள். சரிவு தேவைப்படும் கழிவுக்குழாய் முதலில் போகட்டும், அடுத்து டக்ட், பிறகு தண்ணீர்க்குழாய், கடைசியில் வயர். வயர் எப்படி வேண்டுமானாலும் வளைந்துகொடுக்கும். எலெக்ட்ரீஷியன் முதல் நாளே வந்து இடத்தைப் பிடித்துவிட்டால் வீட்டின் சுவாசம் அவர் விட்ட இடுக்கில்தான்.

இத்துடன், உங்கள் பில்டர் யோசித்திருக்க மாட்டார் என்று நான் நினைக்கும் விஷயம் தீ. லாஃப்டில் அறை வந்தால் உங்கள் வீடு மூன்று மாடி வீடாகிறது. மேல் தளம் நிலத்திலிருந்து நான்கரை மீட்டருக்கு மேல் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில், தீப்பிடித்தால் மேலிருந்து இறங்கி ஓடுவதற்காகப் படிக்கட்டையும் அதைச் சுற்றியுள்ள லேண்டிங், ஹால்வே பகுதியையும் அரைமணி நேரமாவது தீயைத் தாங்கும் சுவர், கதவுகளால் பாதுகாத்து வைப்பார்கள். தீப்பாதுகாப்புக்கான அப்ரூவ்டு டாக்குமென்ட் பி, அந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதியைத் துளைத்துப் போகும் டக்ட் விறைப்பான எஃகுக் குழாயாக இருக்க வேண்டும், சுவரைத் துளைக்கும் இடத்தில் சந்து இல்லாமல் தீத்தடுப்புப் பூச்சு வைத்து அடைக்க வேண்டும் என்கிறது. நான் மேலே புகழ்ந்த பிளாஸ்டிக் குழாயை லேண்டிங் சீலிங் வழியாக அப்படியே ஓட்டிவிட முடியாது. அறைக் கதவுக்கு மேல் சுவரில் கிரில் வைத்துக் காற்றை விடுவதும் கூடாது. எனவே படிக்கட்டை முடிந்தவரை தொடாத வழியைத் தேடுங்கள். தொட்டே ஆக வேண்டிய இடத்தில் எஃகு. வரைபடத்தைப் பலகை அடிக்கும் முன்பே, கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோல் அதிகாரியிடம் காட்டி ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சீலிங்கைப் பிரிக்கச் சொன்னால் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

படிக்கட்டைத் தொடாமல் இருக்க உதவும் வழி ஒன்று கருவியின் இடத்திலேயே இருக்கிறது. பில்டர் லாஃப்ட் ஓரத்தை நினைக்கிறார். நான் கீழே யுடிலிட்டி அறையின் வெளிச்சுவரைச் சொல்வேன். கருவி கனமானது, செங்கல் சுவரில் மாட்டினால் அதிர்வு பரவாது. ஃபில்டர் மாற்ற ஏணி வேண்டாம், தவழ வேண்டாம். தண்ணீர் வடிய வாஷிங் மெஷினின் கழிவுக்குழாய் பக்கத்திலேயே இருக்கும். யுடிலிட்டிக்கு மேல் குளியலறை, அதற்கு மேல் லாஃப்ட் ஷவர் அறை என்று பல வீடுகளில் அமைவது உண்டு. அந்த மூலையில் ஒரு பெட்டி கட்டி மேல் மாடிகளுக்கான குழாய்களை ஏற்றிவிடலாம், படிக்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் லாஃப்ட் தரையைத் துளைக்கும் இடத்தில் தீத்தடுப்பு அடைப்பு வேண்டும், மறக்க வேண்டாம்.

குழாய்க்குப் போர்வை சுற்றுவதில் எல்லோரும் குழம்புகிறார்கள். கருவியிலிருந்து நான்கு பெரிய குழாய்கள் கிளம்புகின்றன. இரண்டு வெளிச்சுவருக்குப் போகும், இரண்டு வீட்டுக்குள் போகும். கருவி வீட்டின் சூடான பகுதிக்குள் இருந்தால், வெளிச்சுவருக்குப் போகும் இரண்டும்தான் குளிர்ந்த குழாய்கள். மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளருக்கு வெளிப்பக்கம் வியர்ப்பதைப் போல, வீட்டுக்காற்றின் ஈரம் அவற்றின் மேல் வடிந்து சீலிங்கை நனைக்கும். அவற்றுக்கு ஈரம் புகாத, மூடிய நுரை இன்சுலேஷனை ஒரு இடுக்கும் விடாமல், சுவருக்குள் நுழையும் இடம் வரை ஒட்டிச் சுற்ற வேண்டும். கண்ணாடிக் கம்பளியைச் சும்மா போர்த்தினால் ஈரம் ஊடுருவி அதுவே நனைந்துபோகும். கருவி குளிரான லாஃப்டில் இருந்தால் கதை தலைகீழ். அறைகளுக்குப் போகும், அறைகளிலிருந்து வரும் சூடான குழாய்களுக்குத்தான் அங்கே போர்வை. குறைந்தது 25 மி.மீ. என்கிறது விதி, இரட்டிப்பாகப் போட்டால்தான் நான் நிம்மதியாக இருப்பேன். எந்தப் பக்கம் கருவி இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் காற்றைச் சுமக்கும் குழாய்க்குப் போர்வை என்று உங்கள் டக்ட்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

வெளியேறும் காற்று குளிரும்போது கருவிக்குள் தண்ணீர் சொட்டும். அதற்கு ஒரு வடிகுழாய், சரிவோடு, வாடை ஏறாமல் தடுக்கும் ட்ராப் வைத்து. கோடையில் தண்ணீர் சொட்டாது, அப்போது சாதாரண யு-வளைவு வறண்டு கழிவு வாடை கருவிக்குள் ஏறும். தண்ணீரில்லாமலே மூடிக்கொள்ளும் ட்ராப் வாங்குங்கள்.

வெளிச்சுவரில் காற்றெடுக்கும் வாய்க்கும் காற்றுவிடும் வாய்க்கும் 2 மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். எடுக்கும் வாய் பாய்லர் புகைக்குழாய், குப்பைத்தொட்டி, கார் நிறுத்துமிடம் மூன்றிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். பூச்சி வரும் என்று நுண்ணிய கொசுவலை போட்டுவிடுவார்கள். சில மாதத்தில் தூசி அடைத்துக் கருவி மூச்சுத்திணறும். பெரிய கண்ணுள்ள வலை போதும், பூச்சியை உள்ளே உள்ள ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்.

அடுப்பு ஹூடைப் பற்றி. அதை இந்த டக்டில் சேர்க்கவே கூடாது. எண்ணெய்ப் புகை குழாய்க்குள் பிசினாகப் படியும், வெப்பம் மாற்றும் தகடுகளை அடைக்கும், தீ அபாயமும் கூட. கடுகு தாளித்து, வற்றல் வறுத்து, வாரத்தில் பாதி நாள் எண்ணெய்ச்சட்டி ஏறும் வீட்டுக்கு, கரி ஃபில்டர் வைத்துக் காற்றை அங்கேயே சுற்றவிடும் ஹூட் போதாது என்பது என் கருத்து. மிகக் குறைந்த சூட்டுச் செலவில் ஓடும் வீடுகளைக் கட்டும் ஐரோப்பாவின் பாசிவ் ஹவுஸ்காரர்கள் அதையே சிபாரிசு செய்வார்கள்; நம் சமையலுக்குத் தனி டக்டில் வெளியே தள்ளும் ஹூட்தான் சரி. 150 மி.மீ. தகரக் குழாய், நேராக வெளிச்சுவருக்கு, அணைத்ததும் இறுக்கமாக மூடிக்கொள்ளும் மடலோடு. ஹூட் ஓடும்போது அருகில் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். வெப்பமீட்புக் கருவியின் சமையலறை வால்வு சீலிங்கில், அடுப்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, கழுவக்கூடிய எண்ணெய் ஃபில்டரோடு இருக்கட்டும். துணி உலர்த்தும் மெஷினின் குழாயையும் இதில் சேர்க்கக் கூடாது. ஹாலில் விறகு அடுப்போ திறந்த கேஸ் ஃபயரோ இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்தால் அதன் புகை அறைக்குள்ளேயே திரும்பும்.

பெட்ரூமில் விடும் காற்று குளியலறைக்குப் போய்ச் சேர வழி வேண்டுமே. அது கதவுக்கு அடியில் இருக்கும் சந்து. 760 மி.மீ. அகலக் கதவுக்குத் தரை விரிப்பின் மேல் 10 மி.மீ. வேண்டும். வீடெல்லாம் கட்டி முடித்துத் தடித்த கார்ப்பெட் போட்டபின் இந்தச் சந்து காணாமல் போய்விடும், பிறகு கதவை மூடினால் காற்று நிற்கும். கார்ப்பெட்டின் தடிமனை இப்போதே முடிவுசெய்யுங்கள். படிக்கட்டுப் பக்கம் திறக்கும் தீத்தடுப்புக் கதவுகளை மட்டும் நீங்களாக அறுக்க வேண்டாம். எவ்வளவு சந்து விடலாம் என்று அந்தக் கதவின் சான்றிலேயே இருக்கும், அதிகாரியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது: குழாயை வெட்டினால் வாய் நேராக, பிசிறில்லாமல் இருக்கிறதா? ரப்பர் வளையம் குழாயின் கடைசி வரிக்கு அடுத்த பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா? அதற்குக் கொஞ்சம் வழுக்குப் பசை தடவி உள்ளே தள்ளினால் "டிக்" என்று பிடிப்பு விழும். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் உள்ளே முழுதும் போகவில்லை என்று பொருள். வளைவு, குழாய் விட்டத்தின் இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். அரை மீட்டருக்கு ஒரு கிளிப். இரு முனையிலும் எந்த அறை என்று மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். முக்கியமாக, பிளாஸ்டர் பூச்சும் மணல் தேய்ப்பும் முடியும்வரை எல்லா வாயும் மூடியிருக்க வேண்டும். கருவியை அதுவரை ஓட்டவே கூடாது. ஜிப்சம் தூசி ஒருமுறை உள்ளே போனால் வருடக்கணக்கில் பெட்ரூமில் உதிரும்.

பலகை அடிக்கும் முன், பகிர்வுப் பெட்டியில் புகையை ஊதி ஒட்டுகளில் கசிகிறதா என்று பாருங்கள். அளவு நாடாவை விரித்துவைத்து ஒவ்வொரு சீலிங்கையும் போட்டோ எடுங்கள். பின்னாளில் விளக்கு மாட்ட வருபவர் டிரில்லைக் குழாய்க்குள் இறக்காமல் இருக்க அந்தப் படம்தான் காவல். அதே சமயத்தில் வீட்டுக் கசிவுச் சோதனையும் ஒன்று செய்யுங்கள். 50 பாஸ்கல் அழுத்தத்தில், வீட்டைச் சூழும் சுவர், கூரை, தரைப் பரப்பின் சதுர மீட்டருக்கு மணிக்கு 3 கன மீட்டருக்குள் வந்தால் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்யும். பழைய புகைபோக்கியும் தரைப்பலகை இடுக்கும் சும்மா கிடந்தால் காற்று அந்த வழியாகவே போகும், சூடும் அதோடு போகும். புது ஜன்னல்களுக்குச் சட்டத்தில் சிறு காற்றுத்துளை வைத்து வருவார்கள். இந்தக் கருவி இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் அளப்பவர் வந்து ஒவ்வொரு வால்விலும் கூம்புக் கருவியை வைத்து விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவார். அந்தத் தாளின் ஒரு பிரதி பில்டிங் கன்ட்ரோலுக்கும் ஒன்று உங்களுக்கும். பெயின்ட் அடிப்பவர் வால்வுகளைக் கழற்றி ஒரு பக்கெட்டில் குவித்துவிட்டு, மாலையில் கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் மாட்டிவிட்டுப் போவது வழக்கமாக நடக்கிறது. ஒவ்வொன்றும் அந்தந்த அறைக்குத் திருகிவைத்தது. அளப்பவரைப் பெயின்டுக்குப் பிறகு வரச் சொல்லுங்கள், வால்வின் முதுகில் அறைப் பெயரை எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு: 1977-இல் கனடாவின் ரெஜைனா நகரில் கட்டிய சஸ்காட்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸிலேயே காற்றிலிருந்து காற்றுக்கு வெப்பம் மாற்றும் கருவி இருந்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கிரானிக்ஸ்டைன் பகுதியின் முதல் பாசிவ் ஹவுஸ்களில் 1991-இல் குடும்பங்கள் குடியேறின. அங்கும் இதே ஏற்பாடுதான். பண விஷயம் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி இருக்கும் ஒரு நாளில், விநாடிக்கு 39 லிட்டர் காற்றைச் சும்மா வெளியே விட்டால் போகும் சூடு சுமார் 700 வாட். 85 சதவீதம் மீட்டால் 600 வாட் வீட்டிலேயே நிற்கும். டக்ட் ஒழுங்காக இருந்தால் அதற்கு விசிறி இழுக்கும் மின்சாரம் ஒரு சிறிய பல்பு அளவு, 30 முதல் 50 வாட்.

அம்மாவின் ஆஸ்துமாவுக்கு இது மருந்து என்று சொல்ல மாட்டேன். பூஞ்சைக்குத் தீனியான ஈரத்தை எடுத்துவிடும்; வெளித்தூசியைக் குறைக்க உள்வரும் பக்கத்துக்கு எஃப்7 ரக ஃபில்டர் கேட்டு வாங்குங்கள். அந்தப் பின் அறைச் சுவரைத் தனியாகப் பாருங்கள். அலமாரி ஒட்டி நின்ற வெளிச்சுவர் குளிர்ந்து கிடந்தால், எவ்வளவு காற்று விட்டாலும் அங்கே ஈரம் படியும். வேலை நடக்கும்போதே அந்தச் சுவருக்கு உள்பக்க இன்சுலேஷன் போட முடியுமா, வெளியே மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருக்கும் பூஞ்சையை முழுக்கச் சுரண்டிக் கழுவிய பிறகுதான் புதுப் பெயின்ட்.

அம்மா ஜன்னலைத் தாராளமாகத் திறக்கலாம். குளிர்நாளில் திறந்தே வைத்தால் சூடு போகும், கருவிக்கு ஒன்றும் ஆகாது. கோடையில் இரவு திறந்துவைப்பது நல்லதும்கூட. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் போடலாம். போட்டு முடித்ததும் கருவியின் வேகத்தைக் கூட்டும் பூஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அறைகளிலிருந்து வரும் பக்கத்து ஃபில்டர் கரியடைவது உங்கள் வீட்டில் கொஞ்சம் சீக்கிரமாகவே இருக்கும். மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதை நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.